வெள்ளி மேலே, செம்பு உள்ளே: சொல்லி விற்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் அனுபவம் பகிரும் நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெற்றிக் கதை பேசணும், பத்து நிமிஷம்"னு சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் தலைவி அக்காகிட்ட அப்பவே சொன்னேன், "அக்கா, என் கதையில பாதி தோத்த கதை, பரவாயில்லையா?"ன்னு. "அதைத்தான் முதல்ல சொல்லு"ன்னாங்க. அதனால முதலில் அதையே சொல்றேன். பத்து நிமிஷம் கொஞ்சம் கூடப் போனாலும் மன்னிச்சுக்கோங்க.

எனக்கு ஊர் சுங்குவார்சத்திரம் பக்கம். ஒரகடத்தில் வயர் ஹார்னஸ் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தேன். காருக்குள்ளே போகும் வயர்க் கட்டு இருக்கு இல்லையா, அதுதான் வேலை. வயரை அளந்து வெட்டணும், முனையைச் சீவணும், டெர்மினல் வைத்து அழுத்தணும். நாள் பூரா கம்பிதான். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு ஷிப்டுக்குப் போக முடியவில்லை. வேலை போயிடுச்சு, ஆனா விரலுக்குக் கம்பி பழக்கம் போகல.

எங்க குழுவில் 12 பேர். பட்டு நூல் வளையல் செய்தோம், சுடுமண் கம்மல் செய்தோம். எல்லாக் குழுவும் அதையே செய்ததால் விலை விழுந்தது. அப்போதுதான் கம்பி நகைக்கு வந்தோம். கம்பியைச் சுற்றி, முறுக்கி, மணி கோத்து, கம்மல், மோதிரம், காப்பு, மெல்லிய கொலுசு. அடுப்பு வேண்டாம், மெஷின் வேண்டாம். கட்டர் ஒன்று, நோஸ் பிளேயர் இரண்டு, போதும்.

வாங்குறவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். வல்லம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சுத்துவட்டாரத்துல விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பொண்ணுங்க. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், இன்னும் தெற்கே தொலைவிலிருந்தும் வந்தவங்க. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் பலவற்றில் லைனுக்குள்ளே உலோக நகை போட்டுக்கொண்டு போக முடியாது, வாசலிலேயே கழற்றணும். அதனால ஆறு நாள் காதும் கழுத்தும் வெறுமையா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனா ஆசை ஆசையா வாங்குவாங்க. ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு, தங்கச்சிக்கு என்று வாங்குவாங்க.

நம்ம சிக்கல் வெள்ளி விலை. 92.5 வெள்ளிக் கம்பி வாங்கிச் செய்தால் அந்தப் பொண்ணுங்க சம்பளத்துக்குக் கட்டாது, நம்ம முதலுக்கும் கட்டாது. வெறும் செம்புக் கம்பியில் செய்தால் நிறம் பிடிக்கிறதில்லை. இந்த நேரத்தில்தான் சவுகார்பேட்டையில் ஒரு கடையில் "சில்வர் ஃபில்டு கம்பி, மேடம். வெள்ளி மாதிரியே இருக்கும், விலை கம்மி" என்று எடுத்துப் போட்டார்கள். கையில் பிடித்துப் பார்த்தேன். பளபளன்னு இருந்தது, வளைத்தால் வளைந்தது. குழுவில் உள்கடன் எடுத்து மூன்று கிலோ வாங்கினோம். பில்லில் "கம்பி" என்று மட்டும் போட்டிருந்தது. அதை நான் அன்னிக்குக் கவனிக்கவில்லை. இது 2023-ல்.

அந்தக் கம்பியில் கொலுசு செய்தோம். ஜோடி 1,200 ரூபாய். அதே எடையில் அசல் வெள்ளிக் கொலுசு அன்றைக்கு மூவாயிரத்துக்கு மேல். நல்லா போச்சு. 23 ஜோடி விற்றோம்.

அதில் ஒரு ஜோடி வாங்கினது இருபது வயசுப் பொண்ணு. தங்கச்சி பெரியவளாகிட்டா, மஞ்சள் நீராட்டுக்கு அக்கா சீர் செய்யணும்னு வாங்கினாள். இரண்டு சம்பளத்தில், 600, 600 என்று கொடுத்தாள். "வெள்ளிதானே அக்கா?"ன்னு கேட்டாள். நான், "சில்வர்தாம்மா, சில்வர் ஃபில்டு"ன்னேன்.

ஆறு ஏழு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சண்டை போடவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து, கொலுசை எங்க மேசை மேல் வைத்தாள். தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வீட்டில் பணம் போதவில்லை. இருந்த சில்லறை நகையோடு இந்தக் கொலுசையும் அவங்க அப்பா அடகுக் கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார், சிவப்பா செம்பு தெரிஞ்சுது. கடையில் நாலு பேர் எதிரில். "பட்டணத்துக்கு வேலைக்குப் போய் இப்படி ஏமாந்துட்டு வந்திருக்கா உன் பொண்ணு"ன்னு சொல்லியிருக்காங்க.

அவள் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். "நீங்க வெள்ளின்னுதானே அக்கா சொன்னீங்க?"

நான் பொய் சொன்னேனா? "ஃபில்டு"ங்கிற வார்த்தையைச் சொல்லத்தான் செய்தேன். ஆனா அவள் காதில் விழுந்தது "சில்வர்". அது மட்டும்தான் விழும்னு எனக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்த வார்த்தையை மெதுவா சொன்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அடுத்த குழுக் கூட்டத்தில் அந்தக் கொலுசை நடுவில் வைத்தோம். மிச்சம் இருந்த கம்பியில் ஒரு துண்டை எடுத்து நாங்களும் அரத்தால் தேய்த்துப் பார்த்தோம். ஒரே இழுப்பில் சிவப்பு. கடைக்காரர் சொன்ன ஃபில்டு கம்பிகூட அது இல்லை, வெறும் முலாம். நாங்களும் ஏமாந்திருக்கோம். "அப்போ தப்பு அந்தக் கடை மேலதானே, நம்ம ஏன் கொடுக்கணும்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், கடன் இன்னும் பாதி நிக்குது. எங்க குழுவில் மூத்தவங்க, நாங்க பெரியம்மான்னு கூப்பிடுறவங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அந்தப் பொண்ணு கடைக்காரனைப் பார்த்தாளா, உங்க மூஞ்சியைப் பார்த்து வாங்கினாளா?"

தீர்மான நோட்டில் எழுதினோம். வாங்கினவங்களுக்குச் சொல்லணும், திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் கொடுக்கணும். ஜிபே பண்ணினவங்களை அந்த நம்பரை வைத்துப் பிடித்தோம். மற்றவங்களை விடுதி வாசலில் நின்று தேடினோம். 14 ஜோடி திரும்பி வந்தது. 16,800 ரூபாய், குழுச் சேமிப்பிலிருந்து கொடுத்தோம். அதை ஈடுகட்ட எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு பணத்தை எண்ணி வாங்கிக்கிட்டா. அப்புறம் எங்க மேசைக்கு அவள் வரவே இல்லை. இதையும் நான் சொல்லணும்.

சகோதரிகளே, இதுக்கப்புறம்தான் நாங்க இந்தக் கம்பியைப் பத்திப் படிச்சோம், கேட்டோம். கத்துக்கிட்டதை இப்ப உங்களுக்குச் சொல்றேன்.

முதலில், "ஃபில்டு" என்கிற பேரே ஆளைக் குழப்பும். உள்ளே வெள்ளி நிரப்பியிருக்கு என்று நினைப்போம். நேர் எதிர். உள்ளே செம்பு, வெளியேதான் வெள்ளி. கொழுக்கட்டை மாதிரி நினைச்சுக்கோங்க: பூரணம் செம்பு, மேல் மாவு வெள்ளி. எடையில் பத்தில் ஒரு பங்கு, இல்லேன்னா இருபதில் ஒரு பங்கு வெள்ளி இருக்கும். 100 கிராம் கம்பி வாங்கினால், பத்து சதவீதக் கம்பியில் மேல் அடுக்கு 10 கிராம். அந்த அடுக்கும் 92.5 வெள்ளிதான், அதனால சுத்த வெள்ளி ஒன்பதே கால் கிராம். மிச்சம் செம்பு.

முலாமுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? முலாம் என்பது மின்சாரத் தொட்டியில் முக்கி எடுப்பது. ஃபில்டு கம்பிக்கு, செம்புக் கட்டைமேல் வெள்ளியைத் தடிமனா போர்த்தி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்ட வைத்து, அப்புறம் சின்னச் சின்ன ஓட்டை வழியா இழுத்து இழுத்து மெல்லிசாக்குவாங்க. எவ்வளவு மெல்லிசாக இழுத்தாலும் அந்தப் பங்கு மாறாது. கணக்குப் போட்டால், கம்மல் கொக்கிக்குப் போடும் 20 கேஜ் கம்பியில், அதாவது 0.8 மில்லிமீட்டர் கம்பியில், பத்து சதவீதம் என்றால் வெள்ளி அடுக்கு சுமார் 18 மைக்ரான் வரும். நம்ம தலைமுடியின் தடிமனில் கால்வாசி. சாதாரண முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான்தான். அதனாலதான் முலாம் சில மாசத்தில் போய்விடும், நல்ல ஃபில்டு கம்பி பத்திரமா வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும்.

இது புதுசா வந்த தந்திரமும் கிடையாது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊரில் தாமஸ் பவுல்சோவர் என்கிற தொழிலாளி 1740-களில் செம்போடு வெள்ளியைச் சேர்த்து ஒட்ட வைத்து, இரண்டையும் ஒன்றாகத் தகடாக்க முடியும் என்று கண்டார். முதலில் சட்டைப் பொத்தான் செய்தார். அப்புறம் அந்த ஊரே தட்டு, டீ பாத்திரம் என்று செய்து, வெள்ளிப் பாத்திரம் வாங்க முடியாத வீடுகளுக்கு விற்றது. அதுக்கு ஷெஃபீல்டு தகடு என்றே பேர். வெட்டின ஓரத்தில் செம்பு தெரியும் இல்லையா? ஓரத்தை மடித்தும், அதன் மேல் வெள்ளிக் கம்பி ஓட்டியும் மறைப்பார்களாம். இன்றைக்கு நம்ம மேசையில் அதே பிரச்சினைதான்.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம காஞ்சிபுரத்தையே பாருங்க. ஜரிகை என்ன? பட்டு நூலின் மேல் மெல்லிசாத் தட்டின வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதுக்கு மேல் தங்கம் ஏற்றுவது. அசல் ஜரிகையிலேயே தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. யாரும் அதை மோசடின்னு சொல்றதில்லை, ஏன்னா என்ன பங்கு என்று சொல்லித்தான் செய்றாங்க. தமிழ்நாடு ஜரிகை ஆலை என்று அரசு நிறுவனமே காஞ்சிபுரத்தில் இருக்கு. அதே ஊரில் ஹாஃப் ஃபைன் ஜரிகையும் உண்டு. செம்புக் கம்பிமேல் வெள்ளி முலாம் போட்டது. விலை குறைவு, அதைப் போட்டு நெய்த புடவைக்கும் ஆள் இருக்கு. தப்பு எங்க வருது? ஹாஃப் ஃபைனை அசல்னு விலை சொல்லும்போதுதான் வருது. தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்"னு வர்றவர் ஜரிகையை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் நாளில்தான் அந்தம்மாவுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு வாங்கினது என்னன்னு.

சிதம்பரம் கவரிங் எப்படி நிக்குது? கவரிங் என்று பேரைச் சொல்லியே விக்கிறாங்க. தங்கம்னு யாரும் சொல்றதில்லை. அந்த பேரே அதுக்கு விளம்பரமா ஆயிடுச்சு. வாங்குறவங்களுக்கும் கூச்சம் இல்லை, விற்கிறவங்களுக்கும் கூச்சம் இல்லை.

இப்ப ஏன் இந்தப் பேச்சு அவசியம்னா, வெள்ளி விலையைப் பாருங்க. 2024-ல் கிலோ ஒரு லட்சத்தைத் தொட்டது. 2025 டிசம்பரில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. கிராம் 200 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சுலபம். மூன்று கிராம் கம்பி பிடிக்கும் ஒரு ஜோடி கம்மல். 92.5-ல் செய்தால் வெள்ளிக்கு மட்டும் 555 ரூபாய். பத்து சதவீத ஃபில்டு கம்பியில் அதே கம்மலில் இருக்கும் வெள்ளி 56 ரூபாய்க்கும் குறைவு. கூலி, வரி, கொண்டுவரும் செலவு எல்லாம் தனி. ஃபில்டு கம்பி பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு என்பதால் கடை விலை இந்தக் கணக்கை விட நல்லாவே கூட இருக்கும். அப்படியும் 92.5-ஐ விடக் குறைவுதான். இந்த வித்தியாசத்தைப் பார்த்து யாருக்கும் ஆசை வரும். ஆசை வரலாம். ஆனா வித்தியாசம் எவ்வளவு பெரிசோ, பேரை மாத்திச் சொன்னா வர்ற துரோகமும் அவ்வளவு பெரிசு.

வெள்ளி நம்ம வீட்டில் அழகுக்கு மட்டும் இல்லீங்க. பாத்திரம் அடியில் சுற்றி வைத்திருக்கும் கொலுசு, அரைஞாண், குங்குமச்சிமிழ், இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் ஃபீஸுக்கும் வைத்திருக்கும் பணம். தங்கம், வெள்ளி நகையின் பேரில் கடன் கொடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2025-ல் புதுசா விதிமுறை கொடுத்திருக்கு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதுக்கு மாற 2026 ஏப்ரல் 1 வரை கெடு கொடுத்திருந்தது. அப்படி என்றால் இனிமேல் இன்னும் நிறைய பேர் வெள்ளியை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போவாங்க. நம்ம கொலுசையும் கொண்டு போய் நீட்டுவாங்க. அன்னைக்கு அந்தப் பொண்ணோட அப்பா நின்ன மாதிரி இன்னொருத்தர் நிக்கக்கூடாது. இதுதான் நான் சொல்ல வந்தது.

சரி, அப்போ இந்தக் கம்பி வேண்டாமா? வேணும். நாங்க இன்னிக்கும் அதில்தான் பாதி வேலை செய்றோம். எப்படிச் செய்யணும்னு சொல்றேன், எழுதிக்கோங்க.

வாங்கும்போது பில்லில் "சில்வர் ஃபில்டு, பத்து சதவீதம்" அல்லது "ஐந்து சதவீதம்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன்னா வாங்காதீங்க. வாய் வார்த்தைக்கு விலை கொடுத்தது நாங்க ஒருத்தர் போதும். வாங்கின சுருளில் ஒரு விரற்கடை வெட்டி, மெல்லிய அரத்தால் தேய்த்துப் பாருங்க. முதல் இழுப்பிலேயே சிவந்தால் முலாம். நாலைந்து இழுப்பு தாங்கினால் அடுக்கு இருக்கு. இது கச்சாச் சோதனைதான், ஆனா எங்களுக்கு அன்னைக்கு இது தெரிந்திருந்தால் 16,800 ரூபாய் மிச்சம்.

"ஜெர்மன் சில்வர்" என்று சொன்னாலும் ஏமாறாதீங்க. அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். நிக்கல் சில பேருக்கு ஒத்துக்காது, காது அரிக்கும், புண்ணாகும்.

புதுசா கத்துக்கிறவங்க முதலில் வெறும் செம்புக் கம்பியில் பழகுங்க. எலக்ட்ரிக் கடையில் வாங்கி உறையைச் சீவினால் போதும். கை படிந்த பிறகு நல்ல கம்பியைத் தொடுங்க. பிளேயர் பல்லில்லாமல் வழவழன்னு இருக்கணும். பல் இருந்தால் வெள்ளியைக் கீறி செம்பு எட்டிப் பார்க்கும்.

சுற்றலாம், முறுக்கலாம், பின்னலாம், லேசாகத் தட்டலாம். ஆனா நெருப்பு காட்டாதீங்க. பத்த வைக்கப் போனால் 780 டிகிரி சூட்டிலேயே வெள்ளியும் செம்பும் ஒன்றோடு ஒன்று உருகிக் கலந்துவிடும். மேல் அடுக்கு செம்புக்குள் போய் மறைந்து, பொருள் சிவந்து நிக்கும். பஃப் மெஷினில் கொடுத்துப் பாலிஷ் போடாதீங்க. அடுக்கு தேய்ந்துவிடும்.

வெட்டின முனைதான் இந்தக் கம்பிக்கு வீக்னஸ். அங்க செம்பு தெரியும், வியர்வை பட்டால் பச்சை பிடிக்கும். முனையைச் சுருட்டி உள்ளே தள்ளுங்க, இல்லேன்னா மணிக்குள் மறைத்துவிடுங்க. காதுக் கொக்கிக்கு முனையை அரம் போட்டு மழுக்கியே ஆகணும், அப்ப செம்பு வெளிய வந்துடும், அதுவும் காதுத் துளைக்குள்ளேயே போகும். அதனால கொக்கி மட்டும் நாங்க 92.5-ல் போடுறோம். ஒரு ஜோடிக்கு அரை கிராம். கிராம் 200 கணக்கில் 92 ரூபாய் 50 காசு கூடுதல். அந்த 92 ரூபாயில் காது புண் இல்லாமல் இருக்கும், வாங்கினவங்க திரும்பி வருவாங்க.

வெட்டு மிச்சத்துக்கு இரண்டு டப்பா வையுங்க. 92.5 துண்டுகள் ஒரு டப்பா, ஃபில்டு துண்டுகள் ஒரு டப்பா. கலந்துட்டா உருக்குறவர் மொத்தத்தையும் செம்பு கலந்ததுன்னு தள்ளுவார். ஃபில்டு துண்டுக்கு வெள்ளி விலை கிடைக்காது, அதையும் அடக்கக் கணக்கில் சேர்த்துக்கோங்க.

வாங்குறவங்களுக்கு என்ன சொல்லணும்? வெள்ளி கறுக்கும், அது இயற்கை. மெல்லிய துணியால் துடைத்தால் போதும். விபூதி போட்டு அழுத்தித் தேய்க்கிறது அசல் வெள்ளிப் பாத்திரத்துக்குத் தாங்கும், இதுக்குத் தாங்காது. குளிக்கும்போது கழற்றணும், சென்ட் அடித்துவிட்டுப் போடக்கூடாது, ஜிப் கவரில் வைக்கணும்.

அசல் 92.5 விற்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் தங்கம் போலவே ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணோடு ஹால்மார்க் வாங்கலாம். 2025-ல் தொடங்கும்போது இது கட்டாயமில்லை, விருப்பம்தான். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் பொருளின் தரம் தெரியும். கடையில் வெள்ளி வாங்கப் போகும்போதும் இதைக் கேளுங்க. நாமும் வாங்குறவங்கதானே.

கடைசியா எங்க அட்டையைப் பத்திச் சொல்றேன். ஒவ்வொரு பொருளோடும் இப்ப ஒரு சின்ன அட்டை கட்டுறோம். "சில்வர் ஃபில்டு"ங்கிற பேரையே எடுத்துட்டோம். எங்க பெரியம்மா வைத்த பேர் "வெள்ளி உறை". அட்டையில் மூணு வரி இருக்கு: "வெள்ளி உறை நகை. மேலே வெள்ளி, உள்ளே செம்பு. அடகுக்கும் மறுவிற்பனைக்கும் ஆகாது." மூணாவது வரி போடும்போது குழுவில் பெரிய விவாதம். "யாராவது தன் பொருளுக்கே இப்படி எழுதுவாங்களா, யார் வாங்குவா?"ன்னு கேட்டாங்க. எழுதினோம். படிக்கத் தெரியாதவங்க வந்தால் வாயாலும் சொல்லணும்னு தீர்மானம்.

உண்மையைச் சொல்லணும்னா, முதல் நாலு மாசம் விற்பனை பாதியாப் போச்சு. பக்கத்து மேசையில் முலாம் கொலுசை "சில்வர்"னு சொல்லி எங்களை விடக் குறைச்ச விலைக்கு வித்தாங்க. பொண்ணுங்க அங்க போனாங்க. நாங்க கொலுசையே நிறுத்திட்டோம். ஏன்னா கொலுசு என்றாலே நம்ம ஜனங்க மனசில் அது வெள்ளி, சேமிப்பு. அட்டை அவிழ்ந்து விழுந்துடும், கொலுசு அடுத்த கைக்குப் போயிடும், அன்னைக்கு யார் படிச்சுச் சொல்றது? கம்மல், மோதிரம், காப்பு, டாலர் மட்டும் வெள்ளி உறையில் செய்றோம். கொலுசு கேட்டால் 92.5-ல் ஆர்டர் எடுத்து, பாதிப் பணம் முன்கூட்டி வாங்கிச் செய்து தருகிறோம். மாசத்துக்கு இரண்டு மூணு வருது. குறைச்சல்தான்.

ஆனா ஒண்ணு நடந்தது. விடுதிப் பொண்ணுங்க அட்டையை போட்டோ எடுத்து அவங்க வாட்ஸ்அப்பில் போட ஆரம்பிச்சாங்க. "இந்த அக்காங்க உள்ள செம்புன்னு எழுதியே விக்கிறாங்க"ன்னு. வருஷம் திரும்பறதுக்குள்ள பழைய விற்பனை வந்துடுச்சு. பெரிய லாபம்னு சொல்ல மாட்டேன். 12 பேருக்கும் மாசக் கடைசியில் கையில் ஏதோ நிக்குது, வங்கித் தவணை தவறல. இதை வெற்றின்னு சொல்லலாம்னா சொல்லிக்கோங்க.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை ஒண்ணு இருக்கு. நகை செய்ற குழுக்கள் நம்ம கூட்டமைப்பில் எவ்வளவோ இருக்கு. மதி சந்தையிலும் பூமாலை வணிக வளாகத்திலும் ஒரே வரிசையில்தான் உட்காருறோம். ஒரு குழு பேரை மறைச்சா, மொத்த வரிசையையும் "மகளிர் குழுச் சரக்கு இப்படித்தான்"னு சொல்லிடுவாங்க. அதனால எல்லா நகைக் குழுவுக்கும் ஒரே மாதிரி அட்டை வேணும். 92.5, வெள்ளி உறை, முலாம், ஜெர்மன் சில்வர், எது எதுன்னு தெளிவா எழுதி. அச்சடிக்க ஆகிற செலவு கொஞ்சம்தான். இன்னொண்ணு, கம்பியை ஒவ்வொரு குழுவும் தனித்தனியா சவுகார்பேட்டைக்குப் போய் வாங்காம, கூட்டமைப்பா மொத்தமா, எழுதின பில்லோட வாங்கணும். தனியா போற பொம்பளைக்கு வாயால சொல்றவங்க, இருபது குழுவுக்கு எழுதித்தான் கொடுப்பாங்க.

ஹார்னஸ் கம்பெனியில் இருந்தப்போ எனக்கு முதல் நாள் ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்க. ஒவ்வொரு வயருக்கும் மேலே ஒரு நிறம் இருக்கும், நம்பர் டேப் இருக்கும். அதை மாத்திப் போட்டா வெளியே பார்க்க எல்லாம் சரியாத்தான் தெரியும். வண்டி ஓடும்போதுதான் தெரியும், எது எங்க போகுதுன்னு. உள்ளே என்ன இருக்குன்னு மேலே எழுதணும். ஆறு வருஷம் கார் வயருக்குச் செய்ததை, நம்ம பொண்ணுங்க கழுத்துல போடுற கம்பிக்குச் செய்யாம விட்டேன். இப்ப செய்றேன்.

அந்தப் பொண்ணு திருப்பிக் கொடுத்த கொலுசு இன்னும் எங்க குழுப் பெட்டியில்தான் இருக்கு, தீர்மான நோட்டு பக்கத்துல. புதுசா யாராவது குழுவில் சேர்ந்தா, முதல்ல அதைத்தான் எடுத்துக் கையில கொடுக்கிறோம்.